‘காஷன்’ என்று போட்டிருந்தால்...

கல்வி உதவிக்கு வந்த மனுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலை. மகளைக் கல்லூரியில் சேர்க்க உதவி கேட்டு ஒரு தாய் வந்திருந்தார். ஆதாரமாக இருக்கட்டும் என்று மூத்த மகனின் பழைய கட்டண ரசீதுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மகன் படிப்பை முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை. முதலாம் ஆண்டு ரசீதைப் பிரித்துப் பார்த்தோம். படிப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூலகக் கட்டணம் என்று வரிசையாக இறங்கி வந்து, கடைசி வரியில் ‘காஷன் டெபாசிட் ரூ.5,000’ என்று இருந்தது.

“இதைத் திருப்பி வாங்கிட்டீங்களாம்மா?” என்று கேட்டோம்.

“எதை பாய்? அது எச்சரிக்கைக்குக் கட்டுற ஃபீஸுன்னு சொன்னாங்களே. பையன் தப்புத் தண்டா பண்ணாம இருக்கணும்னு கட்டுறதாம்.”

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி தெரியாததால் 5,000 ரூபாய் ஒரு வருடமாகக் கல்லூரிக் கணக்கிலேயே கிடந்தது. அதைவிட எங்களுக்கு உறைத்தது வேறொன்று. அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். பணம் திரும்பக் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஏன் ‘காஷன்’ என்று பெயர் வைத்தார்கள் என்று அந்த அம்மா கேட்டபோது ஒருவருக்கும் பதில் வரவில்லை. மருந்துச் சீட்டிலும், ஈரத் தரையில் நிற்கும் மஞ்சள் பலகையிலும், வங்கி ஒட்டும் நோட்டீசிலும் இதே சொல்தானே இருக்கிறது! அதைத் தேடிப் படித்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் ஏழே எழுத்து: சி, ஏ, யு, டி, ஐ, ஓ, என். ‘கா’வை நீட்டி ‘காஷன்’ என்று சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் ‘கவுஷன்’ என்பார்கள், திருத்திவிடுங்கள். நாற்காலி மெத்தைக்குச் சொல்கிற ‘குஷன்’ முற்றிலும் வேறு சொல்.

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘கவேரே’ என்றால் விழிப்பாக இருத்தல், பார்த்து நடத்தல். அதிலிருந்து பிறந்த ‘கவுத்தியோ’ என்ற சொல்லுக்கு அந்த மொழியிலேயே இரண்டு பொருள் உண்டு. ஒன்று விழிப்பு, இன்னொன்று பிணை, அதாவது ஜாமீன். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் புழங்கியது ஜாமீன் என்ற பொருள்தான். கவனமாக இருத்தல் என்ற பொருள் பின்னால்தான் ஊன்றியது. கல்லூரி ரசீதில் இருப்பது அந்தப் பழைய பொருள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவையை உடைத்தாலோ, நூலகப் புத்தகத்தைத் தொலைத்தாலோ அதில் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றும் இல்லையென்றால் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். எனவே அது கட்டணம் அல்ல. வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோமே, அந்த வகை. ‘பிணைத்தொகை’ என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா பையன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிய அன்றே கேட்டு வாங்கியிருப்பார்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாள்தான் இதற்குச் சரியான நேரம். நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி ஆகியவற்றில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கிய தாள், பணம் கட்டிய அசல் ரசீது, மாணவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் நகல் ஆகியவற்றோடு முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். இத்தனை காலத்துக்குள் கேட்காவிட்டால் கல்லூரி நிதியில் சேர்த்துவிடுவோம் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. சேர்க்கையின்போது தரும் கையேட்டில் அது இருக்கும். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைக்கிற பத்திரத்தில் பாதிகூட ரசீதுக்குக் கிடைப்பதில்லை.

நிலத் தகராறு உள்ளவர்கள் வக்கீல் வாயிலிருந்து ‘கேவியட்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். அதுவும் இதே ‘கவேரே’ குடும்பம்தான். எதிர்த்தரப்பு வழக்குப் போட்டால் என்னையும் கேட்காமல் உத்தரவு போட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் கொடுத்து வைக்கும் மனு அது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவு. ஒருமுறை கொடுத்தால் 90 நாள் செல்லும். அதன் பிறகு வேண்டுமானால் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இனி, நாம் அதிகம் பார்க்கும் இரண்டாவது பொருளுக்கு வருவோம். அகராதியைத் திறந்தால் காஷன் என்பதற்கு ‘எச்சரிக்கை’ என்று போட்டிருக்கும். தவறில்லை. ஆனால் தமிழில் எச்சரிக்கை என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டு நிரப்பிவிட்டோம். சிகரெட் அட்டையிலும் எச்சரிக்கை, புயல் செய்தியிலும் எச்சரிக்கை, மின்மாற்றியிலும் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘டேஞ்சர்’, ‘வார்னிங்’, ‘காஷன்’ மூன்றும் மூன்று படி. தொழிற்சாலைப் பலகைகளில் இதற்குத் தனித்தனி நிறமே உண்டு. சிவப்பில் டேஞ்சர் என்றால் தவறினால் உயிர் போகும். ஆரஞ்சில் வார்னிங் என்றால் உயிர் போகவும் கூடும். மஞ்சளில் காஷன் என்றால் அடிபடலாம், காயம் ஆகலாம். வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நாள் முழுக்க இந்தப் பலகைகளுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள்.

உருது பேசும் வீடுகளில் இந்த வேறுபாடு எளிதாகப் புரியும். ‘கத்ரா’ என்கிறோமே, அது டேஞ்சர். ‘கபர்தார்’ என்று விரலை நீட்டிச் சொன்னால் அது வார்னிங். ‘எஹ்தியாத்’ என்று சொல்வதுதான் காஷன். தமிழ் பேசும் வீடுகளில் ‘பார்த்து’ என்ற ஒரு சொல் இருக்கிறது. “பார்த்துப் போ”, “பார்த்துப் பிடி”, “பார்த்துச் சாப்பிடு”. எச்சரிக்கை என்பதைவிட இதுதான் காஷனுக்கு மிக அருகில் வருகிறது என்பது எங்கள் எண்ணம். ஏனென்றால் “பார்த்துப் போ” என்று சொல்பவர் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றுதான் சொல்கிறார்.

இதை ரயில்வேக்காரர்கள் மிகத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். காட்பாடி - விழுப்புரம் பாதையில் நம் போளூர் நிலையத்துக்கு வரும் ரயில்களின் ஓட்டுநருக்கும் இதே விதிதான். சிவப்பு விளக்கின் பெயர் ‘ஸ்டாப்’. பச்சையின் பெயர் ‘ப்ரொஸீட்’, அதாவது போகலாம். ஒற்றை மஞ்சள் விளக்குக்கு ரயில்வே விதிப் புத்தகத்தில் உள்ள பெயரே ‘காஷன்’தான். அதற்கு அவர்கள் தரும் விளக்கம்: போ, ஆனால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகப் போ. நின்றுவிடச் சொல்லவில்லை. அதே வேகத்தில் போகவும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. பாதையில் எங்காவது பழுது பார்க்கும் வேலை நடந்தால், அந்த இடத்தில் இத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி ஓட்டுநரிடமும் கார்டிடமும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ‘காஷன் ஆர்டர்’. வாங்கியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். வியப்பு என்னவென்றால், பாதையில் ஒரு வேலையும் இல்லையென்றாலும் ‘எச்சரிக்க ஒன்றுமில்லை’ என்று தனியாக ஒரு தாள் உண்டு. அதற்கு ‘நில் காஷன் ஆர்டர்’ என்று பெயர். சொல்ல ஒன்றுமில்லை என்பதைக்கூட வாயால் சொல்லி விட்டுவிடாமல் எழுத்தில் கொடுக்கிறார்கள்.

சாலையிலும் இப்படித்தான். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும்போது ஓரத்தில் நிற்கும் பலகைகளைக் கவனியுங்கள். சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணப் பலகைகள் எல்லாம் காஷன் வகை: வளைவு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சாலை குறுகுகிறது. வட்டப் பலகைகள் உத்தரவு, மீறினால் அபராதம். முக்கோணத்தை மீறினால் அபராதம் கிடையாது. வளைவு பார்த்துக்கொள்ளும்.

இப்போது மருந்துக்கு வருகிறோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ரசீது என்றாலும், எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்ய வைத்தது மருந்துதான்.

எங்கள் மருத்துவ உதவிக்கு வந்த ஒரு பெரியவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். பள்ளியில் ஆங்கிலம் நன்றாகப் படிக்கும் பேரன் ஒருநாள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறான். ‘காஷன்’ என்று தொடங்கி, ‘இட் இஸ் டேஞ்சரஸ் டு டேக் திஸ் பிரிபரேஷன்’ என்று போகிறது. “தாத்தா, இந்த மருந்து சாப்பிடுறது ஆபத்துன்னு இதுலயே போட்டிருக்கு!” பெரியவர் பயந்துபோய் அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேறு. இரண்டு மாதத்தில் சர்க்கரை 400-ஐத் தாண்டி, காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பேரன் படித்தது தவறில்லை. பாதியில் நிறுத்தியதுதான் தவறு. அந்த வரி அங்கே முடியவில்லை. ‘எக்செப்ட் அண்டர் மெடிக்கல் சூப்பர்விஷன்’ என்று தொடர்கிறது. முழு வரிக்கும் பொருள்: மருத்துவர் மேற்பார்வையில் அல்லாமல் இம்மருந்தை உட்கொள்வது ஆபத்து. ‘எக்செப்ட்’ என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்து, அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு சாப்பிடுகிறவருக்கு அந்த ஆபத்து என்ற சொல் பொருந்தாது. மாறாக, அவர் நிறுத்துவதுதான் ஆபத்து.

இந்த வாசகம் மருந்துக் கம்பெனிகள் தாமாக எழுதுவதல்ல. இந்திய மருந்து விதிகளில் ‘ஷெட்யூல் ஜி’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட், இன்சுலின் போன்றவை அதில் உண்டு. அப்பட்டியலில் உள்ள மருந்துகளின் மேல் இந்த வரியைக் கட்டம் கட்டிப் போட வேண்டும், அந்தக் கட்டத்துக்குள் வேறு சொல் வரக் கூடாது என்பது விதி. நம் ஊரில் எத்தனை வீட்டு அலமாரியில் இந்தக் கட்டம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டுவந்து தரும் சகோதரியிடமே சந்தேகம் கேட்கலாம்.

‘ஷெட்யூல் எச்’ என்று இன்னொரு பட்டியல். இதிலும் ‘காஷன்’ என்ற சொல் வரும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அதன் பிறகு இருக்கும். இந்தக் காஷன் முதலில் கடைக்காரருக்கு, பிறகு நமக்கு. ஆங்கிலம் தெரியாதவர்களும் கண்டுகொள்ள ஓர் அடையாளம் இருக்கிறது. அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஓடும். ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்கு வாங்கிச் சாப்பிடுவதைத் தடுக்க 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றியே ஓர் இயக்கம் நடத்தியது. கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். கடைக்காரர் தர மறுத்தால் அவரோடு சண்டை போடாதீர்கள். அவர் மறுப்பது நம் நன்மைக்கு.

2014 மார்ச் முதல் ‘ஷெட்யூல் எச் ஒன்று’ என்ற இன்னும் கடுமையான பட்டியலும் நடப்பில் இருக்கிறது. காசநோய் மருந்துகள், செஃபிக்ஸைம் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்குகள், அல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள் அதில் வரும். இவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடையில் பெயர் கேட்டால் அதற்காகத்தான். கேட்கவில்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் ‘யூஸ் வித் காஷன்’ என்று இருப்பதையும் பார்க்கலாம். அதே தாளில் ‘கான்ட்ரா-இண்டிகேட்டட்’ என்றொரு நீளமான சொல்லும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது சொல் வந்தால், அந்த நிலையில் உள்ளவருக்கு இந்த மருந்து கூடவே கூடாது. ‘வித் காஷன்’ என்றால் கொடுக்கலாம், ஆனால் அளவைக் குறைத்தோ, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோ கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். சிறுநீரகம் பழுதானவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்று யாருக்கு எது என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ‘எனக்கு இது கூடாதா, இல்லை பார்த்துச் சாப்பிடணுமா?’ என்று தமிழில் கேட்டாலே போதும்.

ரமலான் நெருங்கும்போது இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு நோன்பில் சர்க்கரை திடீரென்று இறங்குவது குறைவு. கிளிபென்கிளமைட், கிளைமிபிரைட் வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அப்படியல்ல. ஸஹருக்கு வழக்கமான அளவைப் போட்டுவிட்டு மஃரிப் வரை வெறும் வயிற்றோடு இருந்தால் மயக்கம் வரைக்கும் போகலாம். இவர்களுக்குத்தான் மருத்துவர் ‘காஷன்’ என்று சொல்கிறார். நோன்பே வைக்காதே என்று எல்லோருக்கும் சொல்லவில்லை. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார்.

நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது இத்துறை மருத்துவர்களின் வழிகாட்டுதல். வியர்த்துக் கொட்டுதல், கைநடுக்கம், தலைசுற்றல் வந்தாலும் அப்படியே. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தில் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். சிலருக்கு மருத்துவர் ‘கூடாது’ என்றே சொல்லக்கூடும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அதற்காகத்தான். அந்த நிலையில் களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சளி, அரிப்புக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள் என்ற குறிப்பு இருக்கும். லாரி, வேன் ஓட்டும் சகோதரர்கள் அதை மட்டுமாவது படிக்க வேண்டும். வேலூர்ச் சாலை இரவில் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

நெல்லும் மணிலாவும் போடுகிறவர்களும் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர்களும் நம்மில் உண்டு. பூச்சிமருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம், மேல்பாதியில் சொல். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மண்டை ஓட்டுப் படமும் ‘பாய்சன்’ என்ற சொல்லும் இருக்கும். அடுத்தது மஞ்சள், அதிலும் ‘பாய்சன்’தான். நீலத்தில் ‘டேஞ்சர்’. பச்சையில் ‘காஷன்’.

இங்கேதான் ஏமாறுகிறோம். மற்ற இடங்களில் மஞ்சளாக வரும் காஷன் இங்கே பச்சையில் வருகிறது. சிக்னலில் பச்சை என்றால் தாராளமாகப் போகலாம் என்று பழகிய கண்ணுக்கு, இது ஒன்றும் செய்யாத மருந்து என்று தோன்றிவிடுகிறது. நான்கிலும் விஷம் குறைந்தது என்பதுதான் பச்சை. விஷமே இல்லாதது அல்ல. மஞ்சளைப் பார்த்து ‘காஷன் அளவுதான்’ என்று நினைப்பதும் தவறு. இங்கே அது இரண்டாவது கொடிய விஷம். பச்சை டப்பாவானாலும் கையுறை, முகத்துணி, காற்றடிக்கும் திசை பார்த்து அடிப்பது, அடித்த பிறகு சோப்புப் போட்டுக் குளிப்பது எல்லாம் வேண்டும். காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த நிறத்துக்கும் ஆகாது. யாராவது விழுங்கிவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சிகிச்சை விரைவாகும்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வங்கிக் கடன் கட்டாமல் போன வீட்டின் வெளிக்கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். தமிழ் நாளிதழ் உட்பட இரண்டு பத்திரிகைகளிலும் வரும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வரும் சுவாதீன அறிவிப்பு அது. அதன் ஆங்கில வடிவில் ‘ஹியர்பை காஷன்டு’ என்று ஒரு தொடர் வரும். கடன்தாரரும் பொதுமக்களும் இந்தச் சொத்தை வைத்து எந்தப் பேச்சுவார்த்தையும் நடத்த வேண்டாம், நடத்தினால் அது வங்கிக் கடனுக்கு உட்பட்டே இருக்கும் என்பது பொருள். நோட்டீசைக் கிழித்துவிட்டு “சும்மா ஒரு எச்சரிக்கை பாய், செட்டில் பண்ணிட்டேன்” என்று சொல்லி அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கிக்கே போய், பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் அசல் பத்திரத்தையும் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த வீட்டுக்காரரே நாமாக இருந்தால், வங்கியின் நடவடிக்கை சரியில்லை என்று கருதினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வழி இருக்கிறது. நாள் கடத்த வேண்டாம். ஒரு வேடிக்கை: காஷன் என்ற சொல்லின் ஏழு எழுத்தையும் இடம் மாற்றிப் போட்டால் ‘ஆக்‌ஷன்’ என்று வரும், அதாவது ஏலம். வங்கி விஷயத்தில் முதல் சொல்லைப் பொருட்படுத்தாவிட்டால் வருவது இரண்டாவதுதான்.

பிள்ளைகளுக்காக இந்தச் சொல்லின் உறவினர்களையும் சொல்லிவிடுகிறோம். ‘காஷியஸ்’ என்றால் எதையும் ஆராய்ந்து செய்கிறவர். ‘ஓவர் காஷியஸ்’ என்றால் அளவுக்கு மீறிப் பயந்து ஒன்றையும் செய்யாதவர். அது பாராட்டு அல்ல. ‘ப்ரிகாஷன்’ என்பது வரும்முன் செய்துகொள்ளும் ஏற்பாடு: கேஸ் வால்வை மூடிவிட்டுப் படுப்பது ப்ரிகாஷன், அடுப்பு எரியும்போது துப்பட்டாவை ஒதுக்கிக்கொள்வது காஷன். ‘கேர்ஃபுல்’ என்பது அன்றாடப் பேச்சுச் சொல். பலகையிலோ சட்டத்திலோ பெரும்பாலும் வராது. நாய் படத்தோடு வீட்டுக் கதவில் தொங்குவது ‘பிவேர்’. விடைபெறும்போது சொல்கிற ‘டேக் கேர்’ இந்த வரிசையிலேயே சேராது. அது நம் ‘பத்திரமா இருங்க’தான்.

அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது விண்ணப்பம் எழுதினான். அசல் ரசீதும், பாக்கி இல்லை என்ற தாளும் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. அடுத்த மாதம் 4,700 ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்தது. 300 ரூபாய் ஏன் குறைந்தது என்று அம்மா கேட்டதற்கு, இரண்டாம் ஆண்டில் ஒரு நூலகப் புத்தகத்தைத் தொலைத்ததை மகன் அப்போதுதான் ஒப்புக்கொண்டானாம். பணம் மகளின் சேர்க்கைக்குப் போனது. அந்தக் கல்லூரி தந்த ரசீதிலும் கடைசி வரியில் காஷன் டெபாசிட் இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘திரும்ப வாங்கணும்’ என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.